சாந்தினியின் நாற்பத்தைந்து நிமிடங்கள்

சாந்தினி செத்துப்போனதற்கு அந்தச் சபையில் கைதட்டினார்கள்.

கெட்ட மனத்தோடு தட்டவில்லை. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்கு மேல்மாடியில், நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடக்கும் சின்னச் சபை அது. கீழே ஞாயிற்றுக்கிழமையும் யாராவது மோட்டாரை முறுக்கிச் சத்தம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலே ஜனங்கள் அதையும் மீறிப் பாடுவார்கள். பாட்டு முடிந்தால் சாட்சி நேரம். வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் மைக்கைப் பிடித்து, தாங்கள் எப்படி இருந்தோம், கர்த்தர் என்ன செய்தார், இப்போது எப்படி இருக்கிறோம் என்று சொல்வார்கள். சர்க்கரை குறைந்த கதை, குடியை விட்ட கதை, மகனுக்கு வேலை கிடைத்த கதை. நல்ல சாட்சிக்கு ஆமென் வரும். மிக நல்ல சாட்சிக்குக் கைதட்டல் வரும்.

யுகேந்திரனுடையது மிக நல்ல சாட்சி.

"நான் ஒரு குடிகாரன்" என்று ஆரம்பிப்பான். முப்பத்தொரு வயது, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவன். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து ரோட்டுல, நல்ல மழையில ஒரு தங்கச்சிய மோதிட்டேன். அந்தத் தங்கச்சி பேரு சாந்தினி. அவங்க அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க."

எல்லாத் தலைகளும் முதல் வரிசைப் பக்கம் திரும்பும். அங்கே கலாதேவி மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நான் எறங்கிக் கிட்டப் போனேன். தங்கச்சி என்னைப் பாத்து சிரிச்சாங்க. 'அண்ணே, பயப்படாதீங்க, இயேசப்பா உங்கள மன்னிப்பாரு'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாங்க. அன்னிக்கு அவங்க செத்தாங்க, நான் பொழச்சேன்."

அந்த இடத்தில்தான் கைதட்டுவார்கள். கலாதேவியும் தட்டுவாள்.

அவள் தட்டியதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சிரிப்பு கிடைப்பதற்கு முன்னால் அவள் இரண்டு வருடம் எங்கே இருந்தாள் என்று தெரிந்தவர்கள் அவளைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மகளைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. கணவன் ஜொகூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். சாந்தினி இருபது வயதில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியமானால் மோட்டாரை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டைத் தாண்டி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்துக்குப் போவாள். அங்கே மிச்சமிருந்த தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதக் கதையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா கிளம்பிவிட்டாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மழை விட்டபின் ஆடு தேடிப்போன ஒரு பெண், ரோட்டோரத்தில் அவளைப் பார்த்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தது மூன்று ஐம்பதுக்கு. லயத்திலிருந்து அந்த வளைவுக்கு மோட்டாரில் ஐந்து நிமிடம்.

மூன்று ஐந்துக்கும் மூன்று ஐம்பதுக்கும் நடுவே நாற்பத்தைந்து நிமிடங்கள். மகளைப் புதைத்த பிறகு கலாதேவி அந்த நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள்தான் குடியிருந்தாள். சோறு வடிக்கும்போதும் அதற்குள், பஸ்ஸில் நிற்கும்போதும் அதற்குள். மறுநாள் போலீசில் போய் நின்ற யுகேந்திரன், கோர்ட்டில், "அங்கயே உசுரு போயிடுச்சு" என்றான். டாக்டரின் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ரத்தம் மெதுவாகத்தான் போயிருக்கிறது என்றது. அப்படியானால் மகள் உயிரோடு கிடந்திருக்கிறாள். தனியாகவா? அம்மா என்று கூப்பிட்டாளா? ஏன் எடுத்துக்கொண்டீர் என்றுகூட கலாதேவி கர்த்தரைக் கேட்கவில்லை. என் பிள்ளை தனியாகச் செத்தாளா என்று மட்டும்தான் கேட்டாள். பதில் வரவில்லை.

எதிர்வீட்டில் இருந்த அவள் அக்கா புனிதாவுக்கு அந்த மௌனம் வசதியாகப் போயிற்று. புனிதா வருடா வருடம் தீ மிதிக்கிறவள்.

"உன் சாமிக்கு வேலை செய்யப் போன பிள்ளடி அது. வேலைக்கு வந்தவளையே பாத்துக்காத சாமி என்னா சாமி?" என்றாள். "எங்க மாரியம்மா கோவக்காரிதான். ஆனா அவ வாசல்ல கோலம் போட வந்தவள லாரிக்கு அடியில தள்ள மாட்டா."

கலாதேவி எழுந்து தன் வீட்டுக்குப் போனாள்.

பதிலைக் கொண்டுவந்தவர் பாஸ்டர் சிவபிரகாசம். செட்டியார் வீட்டுப் பிள்ளை, ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் விற்றவர். ஏன் இன்னும் அந்தப் பேர் என்று யாராவது கேட்டால், "பேர மாத்துனா ஐசி கார்டு மாத்தணும், பேங்க் புக்கு மாத்தணும், சூசாலா, பெரிய தொந்தரவு. கர்த்தருக்கு என் பழைய பேரு நல்லாவே தெரியும்" என்பார். மாதம் ஒருமுறை சிறைக்குப் போய் ஜெபிப்பார். அங்கேதான் யுகேந்திரன் அழுது மனம் திரும்பினான். வெளியே வந்த முதல் ஞாயிறே பாஸ்டர் அவனை மேல்மாடிக்கு அழைத்து வந்தார். கோர்ட்டில் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டதாகவும், உண்மையில் தங்கச்சி தன்னிடம் பேசியதாகவும் அவன் மைக்கில் சொன்னான்.

சிரித்தாள். தனியாகச் சாகவில்லை. கலாதேவிக்குக் கால்கள் தானாக எழுந்தன. முன்னால் போய் அவன் தலையில் கை வைத்தாள். "இதுக்குத்தான் சிஸ்டர்! இதுக்குத்தான் கர்த்தர் அனுமதிச்சாரு!" என்று பாஸ்டர் சத்தமிட்டார். ஜனங்கள் அழுதார்கள். இரண்டு வருடம் கழித்து அவளுக்கு அன்றைக்குத்தான் சாப்பாட்டில் உப்பு தெரிந்தது.

அதன்பிறகு ஞாயிறுகளில் யுகேந்திரன் அவள் வீட்டில்தான் மத்தியானச் சோறு சாப்பிட்டான். பாஸ்டர் அவர்கள் இருவரையும் தம்முடைய வேனில் ஏற்றி வேறு சபைகளுக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஆறு பேர் அந்தச் சாட்சியைக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தார்கள். எங்கே போனாலும் கலாதேவிக்கு முதல் வரிசை. 'சாந்தினி அம்மா' என்று முன்பின் தெரியாத பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மகளின் சாவுக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டது, அந்த அர்த்தம் எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை ரசம் கேட்டது.

சாட்சி சொல்கிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஆமென் எந்த இடத்தில் விழுகிறதோ, அடுத்த தடவை வாய் அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக நிற்கும். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஜனங்கள் நூலை விட விட, பட்டம் தானாக மேலே போகிறது. ஜெலாப்பாங்கில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் சாந்தினி சிரித்தபோது மழை நின்றது. அடுத்த மாதம் சுங்கை சிப்புட்டில் அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. ஈப்போவில் பல சபைகள் சேர்ந்து ஒரு மண்டபத்தில் நடத்திய கூட்டத்தில், முந்நூறு பேருக்கு முன்னால், யுகேந்திரன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

"தங்கச்சி இந்த மாதிரி, ரெண்டு கையயும் மேல தூக்கி, ஸ்தோத்திரம் சொன்னாங்க!"

மண்டபம் அதிர்ந்தது. கலாதேவியின் கைகள் பாதித் தட்டலில் நின்றுவிட்டன.

அவளுக்குத் தெரியும். சவப்பெட்டியில் வைக்கும்போது வெள்ளைக் கையுறை மாட்டுவது வழக்கம். இடது கைக்கு மாட்டிவிட்டாள். வலது கை தோளிலிருந்தே பின்பக்கம் திரும்பியிருந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு என்று ஒன்று கையில் தட்டுப்படவில்லை. விரல்கள் வீங்கி, கையுறை ஏறவில்லை. பதினொரு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவளுக்குத் தன் பிள்ளையின் கைக்கு ஒரு கையுறை மாட்ட முடியவில்லை. கடைசியில் கத்தரிக்கோலால் அதன் பின்பக்கத்தை வெட்டி, விரல்களின் மேல் போர்த்திவைத்தாள். அந்தக் கையையா தூக்கினாள்?

திங்கட்கிழமை ஜெலாப்பாங்கில் வேலைக்குப் போனாள். அவளுடைய வேலை ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் கையுறைகளில் ஓட்டை பார்ப்பது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் தொங்கவிட வேண்டும். தண்ணீர் நிறைந்த கையுறைகள் ஊதிப்போன கைகளைப்போல வரிசையாகத் தொங்கும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து ஒரு துளி, ஒரே ஒரு துளி, சுண்டுவிரல் நுனியில் வந்து நிற்கும். துளிகள் கூடினால் அந்தச் சரக்கு முழுவதும் கழிவுக்குப் போகும்.

அவள் துளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை பொய்யென்றால் வெளிச்சம் பொய். வெளிச்சம் பொய்யென்றால் சிரிப்பு?

புதன்கிழமை லீவு போட்டாள். புனிதாவின் மோட்டாரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, யுகேந்திரன் கார் கழுவும் கடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏறு."

"எங்கக்கா?"

"தோட்டத்துக்கு."

"இந்த வெயில்லயா?" அவன் நுரைக்கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "எனக்குத்தான் லைசென்ஸ் இல்லயேக்கா."

"உன்னை யாரு ஓட்டச் சொன்னா? பின்னாடி உக்காரு. ஹெல்மெட் போடு."

அவன் ஏறினான். வழியெல்லாம் அவளிடம் ஏதோ பேசிப் பார்த்தான். அவள் காதில் காற்று மட்டும் விழுந்தது.

அந்த வளைவில் எதுவும் இல்லை. செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் வரிசை பிசகாமல் செம்பனை, ஓரத்தில் புல் மண்டிய ஆழமில்லாத தண்ணீர்க் கான். நிழல் கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"எங்க கெடந்தா?"

அவன் கை காட்டினான்.

"தலை எந்தப் பக்கம்?"

"அக்கா, எதுக்குக்கா இப்ப..."

"எந்தப் பக்கம்?"

"மரத்துப் பக்கம்."

"படு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விட்டான்.

"அவ கெடந்த மாதிரியே படு. வலது கைய முதுகுக்கு அடியில குடு. ரெண்டு அம்பத்தஞ்சு வரைக்கும் நீ எழுந்திரிக்கக் கூடாது." கைப்பேசியில் மணி பார்த்தாள். இரண்டு பத்து.

அவன் படுத்தான். அவள் மோட்டாரில் சாய்ந்து நின்றாள்.

"ரெண்டு கையயும் தூக்குனாளா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பொட்டியில வச்சது நான். அந்தக் கை எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இப்ப சொல்லு. இங்க மைக் இல்ல. ஆமென் சொல்ல ஆளும் இல்ல."

முதலில் எறும்புகள்தான் வந்தன. செவ்வெறும்பு. கழுத்தில் ஏறியதும் அவன் தோளைச் சிலுப்பினான். "அசையாத" என்றாள். அவன் அசையாமல் கிடந்து, மேலே மட்டைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் எறங்குனேன்கா. கிட்டப் போனேன். அது உண்மை. அண்ணேன்னு கூப்பிட்டாங்க, அதுவும் உண்மை."

"அப்புறம்?"

"தண்ணி கேட்டாங்க."

"குடுத்தியா?"

"லாரியில பாட்டில் இருந்துச்சு. நான் சம்சு குடிச்சிருந்தேன். ஆளு வந்தா, போலீசு வந்தா, வாயி நாறும். திரும்பிப் போயி லாரியில ஏறிட்டேன்."

"ஓடிட்டியா?"

"இல்லக்கா. போவல. போயிருந்தாக்கூட..." நிறுத்தினான். "அவங்க நம்பரு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 'அம்மாவுக்குப் போன் போடுங்கண்ணே'ன்னு. மழையில எனக்குக் கேக்கலன்னு நெனச்சு, இன்னும் சத்தமா சொன்னாங்க. நான் கண்ணாடிய ஏத்திட்டேன்."

கலாதேவி மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்துனதுக்கு அப்புறமும் வாயி அசையறது தெரிஞ்சுச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அது நின்னப்புறம் வண்டிய எடுத்தேன்."

"சிரிச்சாளா?"

"இல்லக்கா."

"என்னா நம்பரு?"

அவன் சொன்னான். ஒரு எண்கூடத் தப்பவில்லை. மூன்று எண்ணுக்கு ஒருமுறை நிறுத்தி, கடைசி நான்கையும் இழுத்து, சாந்தினி யாருக்கும் நம்பர் கொடுக்கும்போது எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னான். மகளைப் புதைத்த நாளிலிருந்து அவளுடைய குரலுக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

அந்தச் சனிக்கிழமை அந்த நேரத்தில் கலாதேவியின் கைப்பேசி தொழிற்சாலை லாக்கரில் பூட்டிக் கிடந்தது. வேலை நேரத்தில் யாரும் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. அவன் அடித்திருந்தாலும் அது இரும்புக்குள் அடித்து ஓய்ந்திருக்கும். இதை அவள் அன்றிலிருந்தே அறிந்திருந்தாள். அறிந்திருப்பதை இன்றுதான் உணர்ந்தாள்.

பதில் வந்துவிட்டது. என் பிள்ளை தனியாகச் செத்தாளா என்று கேட்டிருந்தாள். இல்லை, ஒரு ஆள் கூட இருந்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். தனிமைதான் உலகத்திலேயே பெரிய கொடுமை என்று அவள் நினைத்திருந்தது தப்பு.

எறும்புகள் அவன் காதோரம் வரை ஏறியிருந்தன. கண்கள் இரண்டும் வீங்க ஆரம்பித்திருந்தன. "அக்கா, கொஞ்சம் தண்ணி..." என்றான்.

மோட்டார் கூடையில் பாட்டில் இருந்தது. கலாதேவி அதை எடுத்து, மூடியைத் திறந்து, அவன் பார்க்கப் பார்க்கப் பாதியைக் குடித்தாள். மீதியைக் கூடையில் வைத்தாள். பிறகு மோட்டாரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கிடக்கட்டும். பெரிய ரோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் நடக்கட்டும். இல்லையென்றால் நடக்காமலே போகட்டும். எஞ்சின் சத்தம் செம்பனைகளுக்கு நடுவே நிறைந்தது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

இந்தப் படத்தை இப்போதுதான் கேட்டாள். ஒருவர் தரையில், ஒருவர் வண்டியில், வாய் அசைகிறது. அவள் மகளுடைய இடத்தில் இல்லை. லாரியில் உட்கார்ந்திருந்தாள்.

'கர்த்தரே,' என்றாள். வாயைத் திறந்துதான் சொன்னாள், சத்தம் வரவில்லை. சிலுவையில் தாகம் என்று சொன்னவருக்குக் காடியைக் கொடுத்தார்கள். கொலைகாரர்கள்கூட அதையாவது கொடுத்தார்கள். அந்த மனிதர் சாகும்வரை அவருடைய அம்மா எங்கும் போகாமல் அங்கேயே நின்றாள். இத்தனை வருடம் அந்த இடத்தைப் படித்தும், அந்த அம்மா அங்கே என்ன வேலை செய்தாள் என்று கலாதேவி யோசித்ததில்லை. ஒன்றும் செய்யவில்லை. போகாமல் நின்றாள், அவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்தாள். இறங்கி வந்து அவன் தலைமாட்டில், புல்லில், உட்கார்ந்தாள். பாட்டிலை அவன் வாயில் வைத்தாள். அவன் இருமிக் குடித்தான், பாதி கழுத்தில் வழிந்தது. எறும்பை அவள் தட்டிவிடவில்லை.

"எழுந்திரிக்கலாமாக்கா?"

"இன்னும் பதினாலு நிமிசம் இருக்கு," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."

பதினான்கு நிமிடமும் இருந்தாள்.

சனிக்கிழமை பாஸ்டரிடம் போனாள். யுகேந்திரன் வீங்கிய முகத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டான். பாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு வாசலில் நின்றவனை எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். நிஜமாகவே வலித்தது அவருக்கு.

"இத மைக்ல சொல்லணுமா சிஸ்டர்? கர்த்தர்கிட்ட சொன்னா போதாதா? சாட்சின்னா கேக்கறவங்களுக்கு ஒரு ஆறுதல் வேணும்லா."

"எனக்கும் ஆறுதலாத்தான் இருந்துச்சு பாஸ்டர்."

"ஆறு பேரு ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க. அவங்க விசுவாசம் என்னா ஆவும்?"

"தண்ணி ஊத்திப் பாப்போம்," என்றாள் கலாதேவி. "ஒழுகுனா ஒழுகட்டும். ஓட்டைய அடைச்சு வித்தா, ஆஸ்பத்திரியில யாரோ கைய வைக்கிற எடத்துலதான் கிழியும்."

"அவன் தாங்குவானா?"

"தாங்க மாட்டான். அதான் நான் பக்கத்துல இருக்கப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை யுகேந்திரன் மைக்கைப் பிடித்தான். "நான் ஒரு குடிகாரன்," என்றதும் பழகிய ஆமென்கள் இரண்டு விழுந்தன. பிறகு விழவில்லை. தண்ணீர் கேட்டதைச் சொன்னான். பாட்டில் இருந்ததைச் சொன்னான். கண்ணாடியை ஏற்றியதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெண், "அய்யோ, சண்டாளா!" என்றாள். ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது. கீபோர்டு வாசிக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லிய பாட்டொன்றைத் தொட்டார். அப்படி ஒரு பாட்டு வந்தால் சாட்சி முடிந்தது என்று அர்த்தம். யுகேந்திரன் மைக்கை இறக்கினான்.

கலாதேவி எழுந்து நின்றாள்.

"இன்னும் முடியல. நம்பர சொல்லு."

கீபோர்டு நின்றது. அவன் நம்பரைச் சொன்னான். மூன்று எண், நிறுத்தம், மூன்று எண், நிறுத்தம், கடைசி நான்கும் இழுத்து. கீழே கடையில் யாரோ மோட்டாரை முறுக்கினார்கள்.

"ஆமென்," என்றாள் கலாதேவி.

வேறு யாரும் சொல்லவில்லை. பாஸ்டர் வாயைத் திறந்தார், அவராலும் முடியவில்லை. அவள் இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யுகேந்திரன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் கழுத்தில் எறும்புக் கடிகள் இன்னும் சிவந்திருந்தன. அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"அடுத்த வாரமும் சொல்லணும்," என்றாள் அவள், முன்னால் பார்த்துக்கொண்டே.

"எத்தன வாரத்துக்குக்கா?"

"தெரியல," என்றாள். "இன்னிக்கு வீட்டுக்கு வா. சோறு வடிச்சு வச்சிருக்கேன்."